பிக்ட்டுகள் கட்டிய கோட்டை, பிறர் கட்டிய கதை

பிக்ட்டுகள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு மலைமேல் நின்று ரோமானியர்களைப் பார்த்துக் கத்தும் ஒரு கூட்டம்தான். சினிமாவும் வீடியோ கேமும் செய்த வேலை அது. உண்மையில் அவர்கள் விவசாயம் செய்தார்கள், மாடு வளர்த்தார்கள், அரசர்களை வைத்துக்கொண்டார்கள், பிற்காலத்தில் தேவாலயங்களும் கட்டினார்கள். இன்றைய ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் சுமார் கி.பி. 300 முதல் 900 வரை ஆண்ட மக்கள் இவர்கள். கி.பி. 297இல் ஒரு ரோமானியப் புகழுரையில்தான் அந்தப் பெயர் முதல்முதலாக எழுத்தில் வருகிறது. அதாவது பெயரே எதிராளி வைத்ததாக இருக்கலாம்.

பிக்ட்டுகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவற்றில் அரசர் பட்டியல் தவிர உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. கல்லில் செதுக்கியவை நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றில் வரும் பிறை, முறிந்த அம்பு, விநோத மிருகம் போன்ற சின்னங்களின் பொருள் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. எனவே அவர்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதியது: ரோமானியர்கள், அயர்லாந்துத் துறவிகள், வடக்கு இங்கிலாந்தின் துறவி பீட் போன்றோர். பீட் 731இல் முடித்த வரலாற்றில், பிக்ட்டுகள் கருங்கடலுக்கு வடக்கே இருந்த சிதியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள், பெண் கொடுங்கள் என்று அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டார்கள், வாரிசுச் சண்டை வந்தால் தாய்வழியில்தான் அரசனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களும் கொடுத்தார்கள் என்று ஒரு கதை வருகிறது. சிதியாவிலிருந்து வந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது; அந்த மண்ணிலேயே முன்பு இருந்த இரும்புக்கால மக்களின் வாரிசுகள்தான் அவர்கள் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது.

சரி, அவர்களுடைய கோட்டை எப்படி இருக்கும்? ராஜஸ்தான் கோட்டையையோ செஞ்சியையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இன்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புல் மூடிய மேடுகள்தான் கண்ணில் படும். ஒரு குன்றின் உச்சியையோ கடலுக்குள் நீண்ட நிலமுனையையோ தேர்ந்தெடுத்து, இயற்கையாகவே செங்குத்தாக இருக்கும் பக்கங்களை விட்டுவிட்டு, ஆள் ஏறி வரக்கூடிய பக்கத்தில் மண்ணும் கல்லும் மரமுமாகக் கனத்த மதில் எழுப்புவார்கள். மதிலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓக் மர உத்திரங்களை வைத்து, கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுகிற மாதிரி கல்லைப் பிடித்து நிறுத்துவது ஒரு முறை. பலம்தான், ஆனால் தீப்பிடித்தால் மதிலே எரியும். அந்தப் பலவீனம்தான் பிற்காலத்தில் நமக்கு உதவியது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட கோட்டைகள் ஸ்காட்லாந்தில் பல உண்டு. இன்வர்னஸ் ஊரை ஒட்டிய கிரெய்க் பாட்ரிக், பெர்த்ஷயரில் டண்டர்ன், அபர்டீன்ஷயரில் டாப் ஓ நாத். கடைசியாகச் சொன்ன மலையின் சரிவில் ஏறத்தாழ 800 குடிசை மேடைகள் இருந்ததை 2020இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் அறிவித்தபோது துறையில் பெரிய பரபரப்பு. கிரெய்க் பாட்ரிக் வேறு விதத்தில் பிரபலம். அயர்லாந்துத் துறவி புனித கொலும்பா 565 வாக்கில் பிக்ட் அரசன் பிரைடேயைப் பார்க்கப் போனபோது அரசன் கர்வத்தில் கதவைத் திறக்கவில்லையாம். கொலும்பா சிலுவைக் குறி போட்டுத் தட்டியதும் தாழ்ப்பாள் தானே விலகிக் கதவு திறந்ததாம். இதை எழுதியவர் அடம்னான், சம்பவம் நடந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, கொலும்பா நிறுவிய மடத்துக்கே தலைவராக இருந்துகொண்டு. அரசனின் கோட்டை நெஸ் நதிப் பக்கத்தில் எங்கோ என்பதற்கு மேல் அவர் அடையாளம் சொல்லவில்லை. அது கிரெய்க் பாட்ரிக்தான் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம்.

நான் விரிவாகப் பேச நினைப்பது இவற்றை அல்ல, பர்க்ஹெட் என்ற ஊரை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே கரையில், எல்ஜின் நகரத்துக்கு வடமேற்கே, கடலுக்குள் நீளும் ஒரு நிலமுனை. கடலோர முனைதான் என்றாலும் ஆய்வாளர்கள் இதையும் மலைக்கோட்டை வகையில்தான் சேர்த்துப் பேசுகிறார்கள், வேலை செய்யும் விதம் ஒன்றுதானே. 5 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, அதாவது ஏறத்தாழ 13 ஏக்கர். நிலப்பக்கத்தில் முனையின் கழுத்தைக் குறுக்கே வெட்டுவது போல அடுத்தடுத்து மூன்று மதில்கள், அவற்றுக்குப் பின்னால் மேல்கோட்டை ஒன்று, கீழ்க்கோட்டை ஒன்று. உள்மதில் சுமார் 8 மீட்டர் தடிமன். மதில் உத்திரங்கள் இரும்பு ஆணி அடித்து இணைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் இவ்வளவு இரும்பை ஒரு சுவருக்குள் போட்டுப் புதைக்க முடிந்தது என்றால், கட்டியவன் கையில் காசும் ஆளும் தாராளமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று மதில்களையும் இன்று ஏறத்தாழ பார்க்கவே முடியாது. 1805க்கும் 1809க்கும் இடையில் அங்கே புதிதாகத் திட்டமிட்டு ஒரு ஊரும் துறைமுகமும் கட்டினார்கள். கல் வேண்டும், கல் பக்கத்திலேயே மலைபோல் குவிந்து கிடக்கிறது. மூன்று மதில்களையும் ஏறத்தாழ முழுவதும் இடித்துத் தள்ளி, கோட்டையின் பாதிக்கு மேல் வீடும் தெருவும் போட்டு, கல்லைத் துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இடித்தவர்களைத் திட்டிப் பயனில்லை. பழையதைக் காக்கும் சட்டம் அப்போது கிடையாது, ஊருக்குத் தேவைப்பட்டது துறைமுகம்.

நல்லவேளையாக, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வில்லியம் ராய் என்ற ராணுவ நில அளவையாளர் அந்த இடத்தை வரைந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1793இல் வெளியான புத்தகத்தில் அந்த வரைபடம் இருக்கிறது. இடிபடாத பர்க்ஹெட்டை நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் கண் வழியாகத்தான். வேடிக்கை என்னவென்றால், ராய் வரைந்தது பிக்ட் கோட்டை என்று நினைத்து அல்ல. அவர் தேடியது ரோமானிய முகாம்களை.

பர்க்ஹெட் கதைகளின் முதல் சுற்று இங்கே ஆரம்பிக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியலில் வட பிரிட்டனில் ‘சிறகு முகாம்’ என்று ஓர் இடம் வருகிறது. அது இதுதான் என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அதற்கு வலுச்சேர்த்தது கோபன்ஹேகனில் இருந்த சார்லஸ் பெர்ட்ராம் என்ற ஆங்கிலேயர் ‘கண்டெடுத்த’ இடைக்காலக் கையெழுத்துப் பிரதி. 1757இல் அச்சான அந்த நூலில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு முழு ரோமானிய மாகாணமே இருந்தது, அதற்குத் தலைநகரும் உண்டு. பிரமாதமான ஆதாரம், ஆனால் பெர்ட்ராம் தானே உட்கார்ந்து எழுதிய போலி. அது போலி என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது. அதற்குள் வரைபடங்களிலும் பாடநூல்களிலும் அந்த இல்லாத மாகாணம் குடியேறிவிட்டது, ராய் உட்பட நேர்மையானவர்கள் பலரும் அதை நம்பிவிட்டார்கள்.

இரண்டாவது சுற்று வைக்கிங்குகள். ஆர்க்னித் தீவுப் பிரபுக்களைப் பற்றி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட பழங்கதைத் தொகுப்பில், பலசாலி சிகுர்ட் என்பவன் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட ஸ்காட்லாந்தைப் பிடித்து, மோரேயின் தெற்கில் ஒரு கோட்டை கட்டினான் என்று வருகிறது. அது பர்க்ஹெட்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் எழுதினார்கள். சிகுர்ட்டின் முடிவு தனிக் கதை. மேல்பிரிக்ட் என்ற உள்ளூர்த் தலைவனோடு ஆளுக்கு நாற்பது பேர் என்று பேசி வைத்துச் சண்டைக்கு வந்தான். ஆனால் நாற்பது குதிரைகளில் குதிரைக்கு இரண்டு பேராக எண்பது பேரைக் கூட்டி வந்துவிட்டான். ஜெயித்து, மேல்பிரிக்ட்டின் தலையை வெட்டிச் சேணத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். அந்தத் தலையில் துருத்திக்கொண்டிருந்த பல் அவன் காலில் கீறி, புண் சீழ்பிடித்து, செத்தே போனான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரிமக் காலக்கணிப்பின்படி பர்க்ஹெட் மதில்கள் எழுந்தபோது வைக்கிங்குகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. கோட்டை 6ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது.

மூன்றாவது கதை தண்ணீரைப் பற்றியது. 1809இல் புது ஊருக்குக் குடிநீர் தேடித் தோண்டியபோது பாறைக்குள் இறங்கும் படிகள் தட்டுப்பட்டன. சுமார் இருபது படி இறங்கினால் ஏறத்தாழ 5 மீட்டர் சதுரத்தில் பாறையைக் குடைந்த ஓர் அறை. நடுவில் சதுரமான தொட்டி, ஆழம் 1.3 மீட்டர் இருக்கும், அதற்குள் ஊற்று நீர். தொட்டியைச் சுற்றி நடக்க இடம் விட்டிருக்கிறார்கள். அறையின் ஒரு மூலையில் பாறையிலேயே வெட்டிய சிறு தொட்டி, இன்னொரு மூலையில் பீடம் மாதிரி ஒரு மேடை. மேலே இப்போது இருக்கும் வளைவுக் கூரை பிற்காலத்தது; குடைந்த பாறை பழையது.

கண்டுபிடித்த உடனே வழக்கம்போல ‘ரோமானியக் குளியலறை’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்றார்கள். இறங்க படி, நிற்க மேடை, முங்க நீர் எல்லாம் இருக்கிறதே. இன்னொரு தரப்பு கிறிஸ்தவத்துக்கு முந்திய நீர் வழிபாடு என்றது. எல்லாவற்றிலும் பயங்கரமானது, இது ஆட்களைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்ற இடம் என்பது. அதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 739ஆம் ஆண்டில் அதோல் பகுதி அரசன் தலோர்கனை, பிக்ட் பேரரசன் ஓங்கஸ் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றான் என்று அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. சில வருடம் முன்பு இன்னொருவனுக்கும் அதே கதி. ஆக, பிக்ட்டுகளிடம் அப்படி ஒரு தண்டனை முறை இருந்தது. ஆனால் எங்கே வைத்துக் கொன்றான் என்று அந்தக் குறிப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பர்க்ஹெட் கிணற்றை அதோடு இணைத்தது நாம்தான். என்னைக் கேட்டால், மதிலுக்குள் ஏகப்பட்ட ஜனமும் மாடும் இருந்த ஒரு கோட்டைக்கு நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டும், முதல் காரணம் அதுதான். வழிபாட்டுக்கும் பயன்பட்டிருக்கலாம், தவறில்லை. சாதாரணக் குடிநீருக்கு இத்தனை வேலைப்பாடு எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

இனி காளைகள். மதில்களை இடித்தபோது சிறிய கற்பலகைகள் வெளியே வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காளை. 25, 30 வரை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். இன்று இருப்பவை ஆறு. மற்றவை துறைமுகச் சுவருக்குள் போய்விட்டன என்றுதான் நம்பப்படுகிறது. எஞ்சியவற்றில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் செதுக்கியவனின் கை எவ்வளவு தேர்ந்தது என்று புரியும். புடைப்பாக இல்லை, வெறும் கீறல் கோடுதான். ஆனால் முதுகில் ஆரம்பித்த கோடு தயங்காமல் ஓடி வால் வரை போகிறது. தோளிலும் தொடையிலும் தசை திரண்டிருப்பதை உள்ளே சுருளும் வளைகோடுகளாலேயே காட்டியிருக்கிறான். கனமான கழுத்து, சின்னக் கால்கள், கீழே கச்சிதமான குளம்பு. அதே மாதிரியான சுருள்களை அந்தக் காலத்து ஓவியச் சுவிசேஷப் பிரதிகளின் மிருகங்களிலும் பார்க்கலாம். பெரும்பாலான ஆய்வாளர்கள் இவற்றை 7ஆம் நூற்றாண்டையொட்டி வைக்கிறார்கள்.

மற்ற பிக்ட் தலங்களில் மீன், கழுகு, பாம்பு, காட்டுப்பன்றி என்று கலந்து வரும். ஒரே இடத்தில் ஒரே மிருகம் இத்தனை தடவை வருவது பர்க்ஹெட்டில்தான். எதற்காக? மதில் முகப்பில் வரிசையாகப் பதித்து, கடலில் வருபவனுக்கு இது யார் வீடு என்று காட்டியிருக்கலாம். அரச குலத்தின் சின்னமாக இருக்கலாம். வேண்டுதலுக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம். ‘காளை வழிபாடு, பலி’ என்று சிலர் ஒரு படி மேலே போனார்கள், அதற்குக் காளைப் படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. முதல் யோசனைதான் எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரு பலகையாவது அதன் பழைய இடத்திலேயே கிடைத்திருந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். துறைமுகம் கட்டியதில் நாம் நிஜமாக இழந்தது அந்த ஒரு தகவலைத்தான். அதே கோட்டையில் கிறிஸ்தவச் சிற்பத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மானை நாய்கள் துரத்தும் காட்சியுள்ள ஒரு துண்டு, புனிதர் ஒருவரின் எலும்புகளை வைத்த கற்பேழையின் பகுதி. ஆக, உள்ளே ஒரு தேவாலயமும் இருந்திருக்கிறது.

இப்போது பழைய வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் திருத்த வைத்த ஒரு விஷயம். பிக்ட்டுகளின் மிகப் பலமான அரசு ஃபோர்ட்ரியு. 685 மே 20இல் வடக்கு இங்கிலாந்தின் அரசன் எக்ஃபிரித்தைப் போரில் கொன்று, அந்தப் பக்க விஸ்தரிப்பையே நிறுத்திய பிரைடே (கொலும்பா கதையில் வந்தவன் அல்ல, அதே பெயருள்ள பிற்கால அரசன்) ஃபோர்ட்ரியுவின் அரசன்தான். அந்த அரசு தெற்கே பெர்த்ஷயரில் இருந்தது என்று நூறு வருடத்துக்கு மேல் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2006இல் அலெக்ஸ் வுல்ஃப் என்ற வரலாற்றாய்வாளர் மூலக் குறிப்புகளைத் திரும்பப் படித்து, அது ஸ்காட்லாந்தின் நடுவே குறுக்காகக் கிடக்கும் மலைத்தொடருக்கு வடக்கே, மோரே பக்கம்தான் என்று காட்டினார். துறை ஏறத்தாழ முழுவதும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் பிறகு, ஒதுக்குப்புறக் கடற்கரைக் கோட்டையாகக் கருதப்பட்ட பர்க்ஹெட் ஒரே அடியில் பேரரசின் மையத்துக்கு வந்துவிட்டது. மாறியது புத்தகத்தில் ஒரு பெயரின் இடம் மட்டும்தான்.

ஆனால் தோண்டிப் பார்க்க அங்கே இனி என்ன இருக்கிறது என்ற அலுப்பு நீண்ட நாள் இருந்தது. 1890களில் ஒருமுறையும் 1960களில் ஒருமுறையும் தோண்டினார்கள். 2015 முதல் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கார்டன் நோபிள் தலைமையிலான குழு மறுபடி இறங்கியது. மண்ணுக்குள் நிறையவே இருந்தது. அடுப்போடு கூடிய நீள்வீட்டின் தளம் கிடைத்தது. வெசெக்ஸ் அரசன் ஆல்ஃபிரெடின் காலத்து நாணயம் ஒன்று, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கோத்துப் போட்டுக்கொள்ள ஓட்டை போட்டது. தென் இங்கிலாந்து நாணயம் அவ்வளவு வடக்கே போயிருக்கிறது. அப்புறம் எலும்புகள். ஸ்காட்லாந்தின் அமில மண்ணில் எலும்பு நிற்காது, அதனால் பிக்ட்டுகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதே பல இடங்களில் ஊகம்தான். இங்கே மதிலோரக் குப்பைமேட்டில் அவை கெடாமல் இருந்தன. 2024இல் கரண்டிக்கும் தூரிகைக்கும் நடுவே ஒரு மோதிரமும் வந்தது, பட்டம் போன்ற நாற்கோண முகப்பு, நடுவில் சிவப்பாக ஏதோ பதித்தது. கண்டெடுத்தவர் சம்பளமில்லாமல் உதவிக்கு வந்த ஒரு தன்னார்வலர்.

மதில் எரியும் என்று முன்பு சொன்னேனே. 10ஆம் நூற்றாண்டில் பர்க்ஹெட் எரிந்திருக்கிறது. கொளுத்தியது வைக்கிங்குகள் என்பது பலமான சந்தேகம். 839இல் ஏற்கெனவே அவர்கள் ஃபோர்ட்ரியு அரசனையும் அவன் ஆட்களையும் ஒரு போரில் கொன்றிருந்தார்கள். ஆனால் எரிந்து கரியான உத்திரம் மட்காது. மதிலுக்குள் கரிக்கட்டையாகவே அவை இருந்ததால்தான் எந்த நூற்றாண்டு மரம், எப்படி அடுக்கினார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. அதே நூற்றாண்டு வாக்கில் ‘பிக்ட்டுகளின் அரசன்’ என்ற பட்டமும் பதிவுகளிலிருந்து மறைந்து, ‘ஆல்பாவின் அரசன்’ (ஆல்பா என்பது ஸ்காட்லாந்துக்குக் கேலிக் மொழிப் பெயர்) என்று வர ஆரம்பிக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கொல்லப்பட்டு மாயமாகிவிடவில்லை. கேலிக் மொழியும் அடையாளமும் பரவ, பேரப்பிள்ளைகள் தங்களை வேறு பெயரில் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பர்க்ஹெட்டில் இன்னும் நெருப்பு உண்டு. 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றி 11 நாளைக் கழித்தபோது இந்த ஊர் பழைய கணக்கை விடவில்லை. பழைய புத்தாண்டுக்கு முந்திய இரவை ஜனவரி 11இல் கொண்டாடுகிறார்கள். அன்று ‘கிளேவி’ எரிப்பு. ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்து, கம்பம் ஒன்றில் ஆணியால் பொருத்தி, மரச்சிராயும் தாரும் நிரப்புவார்கள். ஆணி அதற்கென்றே கொல்லன் அடித்தது. அதை அறையச் சுத்தியல் கூடாது, கல்லால்தான் அறைய வேண்டும். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த தணலால் பற்றவைத்து, ‘கிளேவி ராஜா’ முன்னே போக, ஆட்கள் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து, பழைய ஊரை வலமாகச் சுற்றி வருவார்கள். சில வாசல்களில் நின்று கனன்ற கட்டை ஒன்றைக் கொடுப்பார்கள், அது அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். சுமப்பவன் தடுக்கி விழுந்தால் ஊருக்கு ஆகாது. கடைசியில் டூரி குன்றின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, இன்னும் தாரை ஊற்றி, அது வெடித்துச் சரியும் வரை எரிய விடுகிறார்கள். கரித்துண்டை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்புவதும் உண்டு. அந்த டூரி குன்று, இடிபடாமல் தப்பிய கோட்டை மதிலின் ஒரு துண்டு.

இதைப் பார்த்ததும் ‘பிக்ட்டுகளின் நெருப்பு வழிபாடு இன்றும் தொடர்கிறது’ என்று பயணக் கட்டுரைகள் எழுதிவிடும். கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் சில நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னே போவதில்லை. அவையும் பெரும்பாலும் இதை நிறுத்தச் சொன்ன தேவாலயத்தாரின் புகார்கள். பிக்ட் காலத்துக்கும் அதற்கும் நடுவே எழுநூறு வருட இடைவெளி. பழமை நிஜமாக இருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்கும் கண்ணி எதுவும் இதுவரை கையில் இல்லை. எப்படி இருந்தாலும் ஊர்க்காரர்கள் அதைச் செய்வது ஆராய்ச்சிக்காக அல்ல.

நேரில் போகிறவர்களுக்கு: முனையின் நுனியில், பழைய கடலோரக் கண்காணிப்புக் கட்டடமாக இருந்த வெள்ளை வட்ட வீட்டில் பார்வையாளர் மையம் இருக்கிறது, இரண்டு காளைகள் அங்கே. இரண்டு எல்ஜின் அருங்காட்சியகத்தில், ஒன்று எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். கிணறு ஊருக்குள் தெருவோரத்தில், படி ஈரமாக இருக்கும். கிளேவிக்காகவே போவதாக இருந்தால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜனவரி 11 ஞாயிறாக வந்தால் சனிக்கிழமையே எரித்துவிடுவார்கள்.